கொல்லைத் தீயும் ஊர் எல்லையும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுக் கொல்லையில் ‘ஃபயர் பிட்’ வைத்துக்கொள்வது இன்று சாதாரணமாகிவிட்டது. கல்லோ செங்கல்லோ அடுக்கிக் கட்டிய ஒரு வட்டம், அல்லது கடையில் வாங்கிய இரும்புத் தொட்டி. அதில் விறகைப் பற்றவைத்து, மாலையில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்வார்கள். அந்தத் தீக்குழியை எங்கே வைக்கலாம், எத்தனை மணிவரை எரிக்கலாம், எரிக்கவே அனுமதி உண்டா என்று கேட்டால் ஊருக்கு ஒரு பதில் கிடைக்கும். டொராண்டோ நகரம் திறந்தவெளித் தீயை அடியோடு தடை செய்திருக்கிறது. கொல்லைத் தீக்குழியும் அந்தத் தடைக்குள் வருகிறது. மினியாபொலிஸில் அனுமதிச் சீட்டே வேண்டாம், காலை 9 மணி முதல் இரவு 10 மணிவரை எரித்துக்கொள்ளலாம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் மட்டும் 101 நகரங்கள் இருக்கின்றன, அவற்றில் பல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை. ஊர் எல்லை ஒரு தெருவின் நடுவே ஓடினால் எதிரெதிர் வீடுகளுக்கே வேறுவேறு விதி பொருந்தும். இப்படிச் சிதறிக் கிடக்கும் விதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு குறை கண்ணில் படுகிறது. அவை பெரும்பாலும் நெருப்பு பரவுமே என்ற அச்சத்தில் எழுதப்பட்டவை. புகையைப் பற்றி அவற்றில் அதிகம் இல்லை. தீக்குழி எந்த இடத்தில் இருக்கலாம் என்பதை அந்தந்த நகரம் முடிவு செய்யட்டும். எந்த நாளில் எரியலாம் என்பதை ஒரே காற்றைச் சுவாசிக்கும் வட்டாரம் முழுவதற்கும் சேர்த்து ஓர் அமைப்புதான் முடிவு செய்யவேண்டும். இந்தக் கட்டுரையின் வாதம் அதுதான்.

அமெரிக்க நகரங்களின் விதிகள் வெவ்வேறாகத் தெரிந்தாலும் பலவற்றுக்கும் மூலம் ஒன்றே. சர்வதேசத் தீ விதித்தொகுப்பு என்ற மாதிரிச் சட்டத்தை மாநிலங்களும் நகரங்களும் சிறு மாற்றங்களோடு எடுத்துக்கொள்கின்றன. பொழுதுபோக்குத் தீ எது என்று அது வரையறுக்கிறது: விறகுக் குவியல் 3 அடி விட்டத்துக்கும் 2 அடி உயரத்துக்கும் மேல் போகக் கூடாது. அதைவிடப் பெரிதானால் அது சொக்கப்பனை மாதிரியான பெருந்தீ. கட்டடத்திலிருந்து 50 அடி தள்ளி இருக்கவேண்டும், அனுமதியும் வேண்டும். சின்னத் தீக்கு 25 அடி போதும். தூக்கி நகர்த்தக்கூடிய இரும்புத் தொட்டிக்கு 15 அடி. ஒரு குடும்பமோ இரண்டு குடும்பமோ வசிக்கும் தனி வீடுகளுக்கு அந்த 15 அடியும் கட்டாயமில்லை. தீ அணையும்வரை ஆள் கூடவே இருக்கவேண்டும், தோட்டக் குழாயோ மணலோ தீயணைப்பானோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். மினியாபொலிஸ் இதோடு காற்று மணிக்கு 10 மைலைத் தாண்டினால் எரிக்கக் கூடாது என்று சேர்த்துக்கொண்டது. அடி, விட்டம், குழாய், காற்றின் வேகம் ஆகிய எல்லாமே பக்கத்துச் சுவரும் கூரையும் பற்றிக்கொள்ளாமல் இருப்பதற்கான அளவுகள். பக்கத்து வீட்டுக்காரரின் நுரையீரலை மனதில் வைத்து அந்த 25 அடி கணக்கிடப்படவில்லை.

நெருப்பைப் பற்றிய இந்த அச்சத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1991 அக்டோபர் 20 அன்று கலிபோர்னியாவின் ஓக்லாந்து, பெர்க்லி குன்றுகளில் பிடித்த தீயில் 25 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 3,000 வீடுகள் சாம்பலாயின. முந்தின நாள் அணைத்துவிட்டதாக எண்ணிய ஒரு சிறு புல்தீ, வறண்ட கிழக்குக் காற்றில் மறுபடி உயிர்பெற்றதன் விளைவு அது. கொலராடோ மாநிலத்தில் 2021 டிசம்பர் 30 அன்று நடந்தது தீக்குழிப் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது. மார்ஷல் தீ என்று பெயர் பெற்ற அந்த விபத்தில் லூயிஸ்வில், சுப்பீரியர் என்ற இரண்டு அண்டை ஊர்களையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து 1,084 வீடுகள் எரிந்துபோயின. போல்டர் கவுண்டி ஷெரிப் அலுவலகம் 2023-ல் வெளியிட்ட விசாரணை முடிவு இரண்டு தொடக்கப் புள்ளிகளைச் சொன்னது. ஒன்று மின்கம்பியோடு தொடர்புடையது. மற்றது, ஆறு நாட்களுக்கு முன் ஒரு நிலத்தில் குப்பை எரித்து மண்போட்டு மூடிய இடம். மேலே மண், உள்ளே கங்கு. மணிக்கு 100 மைலை எட்டிய காற்று அந்த மண்ணை வாரிக்கொண்டு போனதும் கங்கு மறுபடி மூச்சுவிட்டது. தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்ததை உறுதி செய்யாமல் தீக்குழியை விட்டுப் போகாதீர்கள் என்று தீயணைப்புத் துறையினர் ஓயாமல் சொல்வதன் காரணம் இதுதான்.

இந்த இரண்டு விபத்துகளுமே ஓர் ஊருக்குள் அடங்கி நிற்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். இருந்தாலும் சரிவு, காய்ந்த புல், வீடுகளின் நெருக்கம், தெருவின் அகலம் போன்றவற்றை அந்த ஊரின் தீயணைப்பு அலுவலரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. ஆகவே இடம் பற்றிய விதியை அவரிடமே விடுவது நியாயம். காற்று எப்போது வெறிபிடித்து அடிக்கும் என்பது வேறு கேள்வி. அதை முன்கூட்டிச் சொல்வது தேசிய வானிலைச் சேவை. அது விடுக்கும் செங்கொடி எச்சரிக்கை எந்த நகர எல்லையையும் பார்ப்பதில்லை, வட்டாரம் முழுவதற்கும் பொருந்துகிறது. நெருப்பைப் பொறுத்தவரை எந்த நாளில் எரிக்கலாம் என்பதை முடிவு செய்வது வட்டாரத்தின் வேலை என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று. அதே தர்க்கத்தைப் புகைக்கு நீட்டுவதில்தான் நகரங்கள் தயங்குகின்றன.

புகையின் இயல்பு அந்தத் தயக்கத்துக்கு இடம் தருவதாக இல்லை. விறகு முழுமையாக எரியாதபோது உண்டாகும் துகள்களில் பெரும்பகுதி 2.5 மைக்ரானுக்கும் சிறியவை, தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும். மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் அடிவரை இறங்கி, இரத்த ஓட்டத்திலும் கலக்கின்றன. ஆஸ்துமாவைக் கிளப்பிவிடுவதிலும் இதய நோயாளிகளுக்கு ஆபத்தைக் கூட்டுவதிலும் இவற்றின் பங்கு நீண்டகால ஆய்வுகளில் நிலைநாட்டப்பட்டது. வீட்டுக்குள் இருக்கும் கணப்பு அடுப்புக்குக் கூரைக்கு மேலே போகும் புகைபோக்கி உண்டு. கொல்லைத் தீக்குழிக்கு இல்லை. புகை ஆள் நின்று மூச்சு விடும் உயரத்திலேயே வெளியேறுகிறது. மேலும், தெளிவான வானமும் அசைவற்ற காற்றும் உள்ள குளிர்கால இரவுதான் தீமூட்ட எல்லாரும் விரும்பும் இரவு. அப்படிப்பட்ட இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துவிட, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு மூடிபோல் படிந்துகொள்ளும். கீழே உண்டாகும் புகை மேலே போக வழியில்லாமல் பள்ளத்தாக்கிலும் தாழ்வான தெருக்களிலும் தேங்கிவிடும். தீமூட்ட மிக இதமான இரவே புகைக்கு மிக மோசமான இரவு. மினியாபொலிஸ் காற்று வேகமாக அடித்தால் எரிக்காதே என்கிறது. அது நெருப்புக்குச் சரி. காற்றே அடிக்காத இரவிலும் எரிக்கக் கூடாது என்பது புகையின் நியாயம். 25 அடியும் தோட்டக் குழாயும் அந்த இரவில் எதையும் காப்பாற்றாது.

அளவுகளைப் பார்த்தால் கேள்வியின் கனம் புரியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நுண்துகளுக்கு வைத்திருக்கும் 24 மணிநேர வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 35 மைக்ரோகிராம். ஆண்டுச் சராசரி வரம்பு 12-ஆக இருந்ததை 2024-ல் 9-ஆகக் குறைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இன்னும் கண்டிப்பாக 24 மணிநேரத்துக்கு 15, ஆண்டுக்கு 5 என்று சொன்னது. சராசரி என்பதில் ஒரு மறைவு இருக்கிறது. மாலை 7 முதல் 11 வரை ஒரு படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே அளவு எங்கோ போய் நிற்கலாம். மீதி இருபது மணிநேரம் காற்று சுத்தமாக இருந்தால் நாள் சராசரி வரம்புக்குள் வந்துவிடும். தூரத்தில் இருக்கும் அரசு அளவைநிலையத்தில் அந்த நான்கு மணிநேரம் பதிவாகாமலே போகக்கூடும்.

இடத்தையும் நாளையும் பிரித்துப் பார்க்கும் முறை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி நல்ல சான்று. அங்கே ஒன்பது கவுண்டிகளுக்குப் பொதுவான காற்றுத்தர மாவட்டம் இருக்கிறது. குளிர்கால நுண்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விறகுப் புகையிலிருந்து வருகிறது என்று கணித்த அந்த மாவட்டம், 2008-ல் ஒரு விதி கொண்டுவந்தது. காற்று கெடும் என்று முன்னறிவிப்பு சொல்லும் நாட்களில் ‘ஸ்பேர் தி ஏர்’ எச்சரிக்கை விடுக்கப்படும். அன்று வீட்டுக்குள்ளோ வெளியிலோ விறகு எரிப்பது சட்டவிரோதம். கொல்லைத் தீக்குழியும் அதில் அடக்கம். எரிவாயுத் தீக்குழிக்குத் தடை இல்லை, சமையலுக்கான அடுப்புகளை விதி தொடுவதில்லை. முதல் தடவை பிடிபட்டால் விறகுப் புகையைப் பற்றிய ஒரு பாடத்தை முடிக்கலாம், இல்லையென்றால் 100 டாலர் அபராதம். இரண்டாம் தடவை 500 டாலர். தொடக்கத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் இந்தக் கட்டுப்பாடு இருந்தது. 2017, 2018 ஆண்டுகளின் காட்டுத்தீப் புகைக்குப் பிறகு, 2019-ல் அதை ஆண்டு முழுவதற்கும் நீட்டினார்கள். ஓக்லாந்தின் சரிவுகளுக்கு ஓக்லாந்து தன் தீ விதியை வைத்துக்கொள்கிறது, சான் ஹோசே தன்னுடையதை வைத்துக்கொள்கிறது. எச்சரிக்கை நாளில் மட்டும் இரண்டுக்கும் பதில் ஒன்றே. வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில், டகோமா பகுதியின் காற்று முகமையும் இதே வழியில் முதல்நிலை, இரண்டாம்நிலை எரிப்புத் தடைகளை வட்டார அளவில் அறிவிக்கிறது.

அண்டை நகரங்கள் தனித்தனியே முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை தென்கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச், ஹன்டிங்டன் பீச் விவகாரம் காட்டியது. அது கொல்லைத் தீக்குழி பற்றியது அல்ல, கடற்கரை மணலில் பொதுமக்களுக்காக வைத்திருந்த சிமென்ட் தீவளையங்களைப் பற்றியது. ஆனாலும் இந்தக் கேள்வியின் முடிச்சுகள் எல்லாமே அதில் இருக்கின்றன. நியூபோர்ட் பீச்சில் 60 வளையங்கள் இருந்தன: பால்போவா பாலத்தை ஒட்டி 33, கொரோனா டெல் மார் கடற்கரையில் 27. கடலைப் பார்த்த வீடுகளில் வசிப்பவர்கள் மாலைதோறும் புகை உள்ளே வருகிறது என்று முறையிட்டார்கள். 2012-ல் நகர மன்றம் எல்லா வளையங்களையும் அகற்ற முடிவு செய்து, கலிபோர்னியா கடற்கரை ஆணையத்திடம் அனுமதி கேட்டது. செலவில்லாமல் கடற்கரையில் ஒரு மாலையைக் கழிக்க மக்களுக்கு இருக்கும் சில வழிகளில் இது ஒன்று என்று சொல்லி ஆணையத்தின் அலுவலர்கள் எதிர்த்தார்கள். வடக்கே ஒட்டியிருக்கும் ஹன்டிங்டன் பீச்சுக்கு அதே வளையங்கள்தான் அடையாளம். சுற்றுலாவும் வண்டி நிறுத்தக் கட்டணமும் அவற்றைச் சார்ந்திருந்தன. ஒரே கரையில் அடுத்தடுத்த இரண்டு நகரங்களில் ஒன்று தடை வேண்டும் என்றது, மற்றது தடையே கூடாது என்று நின்றது.

முடிவு தென்கலிபோர்னியாவின் காற்றுத்தர மாவட்டத்தின் கைக்கு வந்தது. ஒரு வளையத்திலிருந்து ஒரு நிமிடத்தில் வெளியேறும் நுண்துகள் மூன்று கனரக டீசல் லாரிகள் வெளியிடுவதற்குச் சமம் என்று மாவட்டம் கணக்குச் சொன்னது. முழுத்தடையில் தொடங்கிய பேச்சு, 2013 ஜூலையில் 7-க்கு 6 என்ற வாக்கில் ஒரு சமரசத்தில் முடிந்தது. வளையம் அருகிலுள்ள வீட்டிலிருந்து 700 அடியாவது தள்ளி இருக்கவேண்டும். அது முடியாத இடத்தில் வளையத்துக்கும் வளையத்துக்கும் 100 அடி இடைவெளி விடவேண்டும். 15 வளையங்களுக்கு மேல் இல்லாத ஊரில் 50 அடி இருந்தால் போதும். காற்று மோசமான நாட்களில் எரிக்கக் கூடாது. 2014 மார்ச்சில் விதி நடைமுறைக்கு வந்தது. நியூபோர்ட் பீச் சிறிதுகாலம் கரிமட்டும் எரிக்கலாம் என்று வைத்துப் பார்த்தது; அதன்மீது வழக்கும் வந்தது; கடைசியில் சில வளையங்களில் விறகு, சிலவற்றில் கரி என்ற ஏற்பாட்டில் நின்றது. அழகான சட்டம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு நகரங்களும் தங்களுக்குள் ஒருபோதும் எட்டியிருக்க முடியாத முடிவை, இரண்டுக்கும் மேலே நின்ற அமைப்பால் எடுக்க முடிந்தது.

அந்த 700 அடியைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைக்குத் திரும்பிப் பார்த்தால் நியாயமின்மை உறுத்துகிறது. பொதுமக்கள் கூடும் கடற்கரைத் தீ வீட்டிலிருந்து 700 அடி தள்ளி இருக்கவேண்டும். அதே விறகு அடுத்த வீட்டுக் கொல்லையில் எரிந்தால் தீ விதியின் 25 அடி போதும், நகர்த்தும் தொட்டியானால் தனி வீட்டுக்கு அதுவும் வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவின் வழக்கமான வீட்டுமனை 25 அடி அகலம், 100 அடி நீளம். அந்தக் கொல்லையின் நட்டநடுவில் தீக்குழி வைத்தாலும் இருபக்க வேலியும் பன்னிரண்டரை அடியில் இருக்கும். புகைக்கு வேலி ஒரு பொருட்டே இல்லை.

இங்கே வலுவான எதிர்வாதம் ஒன்று எழுகிறது. நியூபோர்ட் பீச் சண்டையில், கடலோரத்துப் பணக்காரர்கள் உள்நாட்டு ஊர்களிலிருந்து வரும் சாதாரணக் குடும்பங்களை விரட்டப் புகையைச் சாக்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று பலர் குற்றம்சாட்டினார்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று தள்ளிவிட மாட்டேன். சொந்தக் கொல்லை உள்ளவரின் தீயைத் தொடாமல், கொல்லையே இல்லாதவர் நம்பியிருக்கும் பொதுத் தீயை மட்டும் நெருக்கும் விதி அநீதியானது. அதற்குத் தீர்வு இரண்டையும் விட்டுவிடுவதில் இல்லை, இரண்டையும் ஒரே நாள்விதிக்குக் கீழே கொண்டுவருவதில் இருக்கிறது. புகை தேங்கும் இரவில் மாளிகைக் கொல்லையும் கடற்கரை வளையமும் ஒருசேர அணைந்திருக்கட்டும். காற்று புகையைக் கொண்டுபோகும் இரவில் இரண்டும் எரியட்டும். இடத்தைப் பார்த்து மட்டும் தடுக்கும் விதி, நல்ல இடத்தில் சொத்து வைத்திருப்பவருக்கே எப்போதும் சாதகமாக முடியும்.

‘என் நிலம், என் தீ’ என்பது இன்னொரு வாதம். நிலத்தில் தீ இருக்கும்வரை அதை மதிக்கலாம். பக்கத்து வீட்டு வாழ்வைக் கெடுக்கும் புகையையும் நாற்றத்தையும் தொல்லை என்று கொண்டு பரிகாரம் தருவது ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் நூற்றாண்டுகளாக உள்ள கொள்கை; அமெரிக்காவும் அதைத்தான் சுவீகரித்தது. நாள்விதி யாருடைய உரிமையையும் புதிதாகப் பறிக்கவில்லை. கார்களும் தொழிற்சாலைகளும் காட்டுத்தீயும் இருக்க, சின்னத் தீக்குழியைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன் என்றும் கேட்கிறார்கள். காட்டுத்தீயை நாம் விரும்பிய நாளில் நிறுத்த முடியாது, தீக்குழியை முடியும். லாரி நெடுஞ்சாலையில் ஓடிக் கடந்துவிடுகிறது, தீக்குழி ஒரு குழந்தையின் படுக்கையறைக்கு வெளியே நான்கு மணிநேரம் நிற்கிறது. மொத்தக் கணக்கில் சிறியது, பக்கத்து வீட்டுக் கணக்கில் மிகப் பெரியது.

அமல்படுத்த முடியாது என்ற வாதம்தான் அதிகாரிகளை அதிகம் தயங்க வைக்கிறது. ஓர் ஆய்வாளர் கொல்லைக்குள் அனுமதியின்றி நுழைய முடியாது, இரவில் புகை எங்கிருந்து வருகிறது என்று நிரூபிப்பதும் எளிதில்லை. அது உண்மை. ஆனால் 25 அடியை அளக்கவும் அதே கொல்லைக்குள்தான் நுழையவேண்டும்; நாள்விதியை மீறும் புகையோ தெருவிலிருந்தே தெரியும். மேலும், ‘பர்ப்பிள் ஏர்’ போன்ற மலிவான அளவிகள் இப்போது ஆயிரக்கணக்கான வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தீ, புகை வரைபடத்திலேயே அவற்றின் அளவுகள் திருத்தத்தோடு சேர்க்கப்படுகின்றன. தெருவுக்குத் தெரு எண் தெரியும்போது, முறையிடுபவர் ஒரு சண்டைக்காரராகத் தோற்றமளிக்க வேண்டியதில்லை.

கருவியைப் பற்றிய ஒரு வெற்றிடமும் நிரம்பவேண்டும். வீட்டுக்குள் வைக்கப் புதிதாக விற்கும் விறகு அடுப்பு மணிக்கு 2 கிராமுக்கு மேல் துகள் விடக் கூடாது என்று 2020 முதல் அமெரிக்காவில் கூட்டாட்சித் தரம் இருக்கிறது. மாண்ட்ரியால் நகரம் 2018 அக்டோபர் முதல் மணிக்கு 2.5 கிராமுக்கு உட்பட்ட கருவிகளை மட்டுமே அனுமதிக்கிறது; ஆனால் மாண்ட்ரியால் அமைந்த அதே தீவில் தனி நகராட்சிகளாக இருக்கும் ஊர்கள் தத்தம் விதிகளின்படி நடக்கின்றன. புகைபோக்கி உள்ள அடுப்புக்கு இத்தனை கண்டிப்பு இருக்க, புகைபோக்கியே இல்லாத கொல்லைத் தீக்குழி அமெரிக்கக் கூட்டாட்சித் தரத்துக்கு வெளியே விடப்பட்டிருக்கிறது. இரட்டைச் சுவர் வழியாகச் சூடான காற்றைச் செலுத்திப் புகையை மறுபடி எரிக்கும் ‘புகையில்லா’ தொட்டிகள் சந்தையில் நிறைய வந்துவிட்டன. கண்ணுக்குத் தெரியும் புகையை அவை குறைப்பது உண்மை. காய்ந்த விறகு போட்டுத் தீ நன்றாகப் பிடித்த பிறகுதான் குறைக்கின்றன. பற்றவைக்கும்போதும் அணையும்போதும் ஈர விறகு போடும்போதும் அவையும் புகைகின்றன. அளந்து சான்றளிக்கும் தரம் ஒன்று வரும்வரை அந்தப் பெயரை நம்பி எச்சரிக்கை நாளில் விலக்கு அளிக்கக் கூடாது.

அப்படியானால் டொராண்டோவைப்போல் எல்லா இடத்திலும் முழுத்தடை போட்டுவிடலாமே? ஒன்டாரியோவின் சட்டம் திறந்தவெளித் தீயைப் பற்றி விதி செய்யும் அதிகாரத்தை ஒவ்வொரு நகராட்சிக்கும் தனித்தனியே தருகிறது. டொராண்டோ தடை செய்யலாம், அடுத்த ஊர் அனுமதிச் சீட்டு கொடுக்கலாம். தடை தன் எல்லைக்குள் நெருப்பைத் தடுக்கும், எல்லைக்கு வெளியிலிருந்து வரும் புகையைத் தடுக்காது. நெருக்கமான மனைகளில் விறகுத் தீக்குழியே வேண்டாம், எரிவாயு போதும் என்பதே என் முடிவு. எந்த வீட்டுச் சுவருக்கும், அடுத்தவர் வீட்டுச் சுவர் உட்பட, 25 அடி விடமுடியாத மனையில் நகரம் அதைத் தடுக்கட்டும். விசாலமான மனையில் அனுமதிக்கட்டும். ஆனால் எந்த இரவில் எரியலாம் என்ற அதிகாரத்தை வட்டாரக் காற்று முகமையிடம் ஒப்படைக்கட்டும், அப்படிப்பட்ட முகமை இல்லாத இடங்களில் மாநிலம் அதை உருவாக்கட்டும்.

இந்த ஊர்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் ஃபிரிமான்டிலோ சன்னிவேலிலோ இருப்பவர்களுக்கு, போகி வரும் ஜனவரி நடுப்பகுதிதான் காற்று மூடிபோட்டுத் தேங்கும் பருவத்தின் உச்சம். அன்று கொல்லையில் எதையாவது கொளுத்துவதற்கு முன் நகரத்தின் தீ விதியைப் படியுங்கள். காற்று மாவட்டத்தின் எச்சரிக்கை அன்றைக்கு உண்டா என்று கைபேசியில் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் தீமூட்டாதீர்கள். இல்லாவிட்டாலும், பழைய துணியையும் பிளாஸ்டிக்கையும் வண்ணம் பூசிய மரத்தையும் எந்த ஊரின் விதியும் எரிக்க விடாது. காய்ந்த விறகு மட்டும் போடுங்கள், எரிந்து முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கங்கு முழுதாகக் குளிரும்வரை அங்கேயே இருங்கள்.